துடைப்பம் கடந்த பாலம்

மார்ச் மாதத்துக்கு வால் உண்டு. போகிற போக்கில் அதை ஆட்டிவிட்டுத்தான் போகும் என்பது எங்கள் ஃபிளாண்டர்ஸ் வழக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை அது வாலை ஆட்டியதோடு நிற்கவில்லை, பல்லையும் காட்டியது. காலை ஒன்பது மணிக்குச் சதுக்கத்தில் வெயில். பத்து மணிக்குக் கொட்டும் மழை. பதினொன்றுக்குக் கல் கல்லாய் ஆலங்கட்டி. நண்பகலில் ஒரு கீற்று வெயில், பிச்சைத் தட்டில் விழுந்த செல்லாக்காசு போல. அதை நம்பி நிமிர்ந்தவன் முகத்தில் மேற்குக் காற்று அறைந்தது. காற்றின் பின்னே ஈரப்பனி வந்தது. அந்த வானத்தின் கீழேதான் இருநூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம், ஆண்டின் முதல் பெரிய பந்தயம். வானிலைக்காகப் பந்தயத்தைத் தள்ளிவைப்போம் என்று எங்கள் ஊரில் எவனாவது சொன்னால், பிரசவத்தையும் தள்ளிவைக்கச் சொல்வாயா என்று கேட்பார்கள்.

வார நாட்களில் நான் நெசவாளர் சங்கத்தின் செயலாளன். பந்தய நாட்களில் எல்லோருக்கும் கடைசியில் வருகிறவன். ரொட்டிக்கடை வேன் ஒன்றின் கூரையில் துடைப்பத்தை நிமிர்த்திக் கட்டி, கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வருவேன். முடியாதவன் ஏறிக்கொள்வான், ஏறியவனின் முதுகிலிருந்து எண் அட்டையைக் கழற்றுவேன். எங்கள் வண்டிக்குத் துடைப்ப வண்டி என்றே பெயர். துடைப்பம் கடந்துவிட்டால் பந்தயம் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு சாலை ஊராருடையது. இது எங்கள் நாட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ஒன்பது ஆண்டுகள் அந்த வண்டியை ஓட்டிய எனக்குத் தெரியாதா?

அன்று காலை, வழக்கம் போல, பந்தய வீரர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வோர் அணியிலும் ஒரு தலைவன், மற்றவர்கள் அவனுக்கு ஏவலாட்கள். சொல்லை நான் புனையவில்லை; அவர்களே தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். தலைவனின் சக்கரம் வெடித்தால் ஏவலாள் தன் சக்கரத்தைக் கழற்றித் தருவான். தலைவனுக்குத் தாகம் என்றால் இவன் பின்வாங்கித் தண்ணீர் எடுத்து மீண்டும் முன்னேறுவான். காற்றுக்கு முன்னால் இவன் நெஞ்சு, அந்த நெஞ்சின் நிழலில் தலைவன். வெற்றி தலைவனுக்கு, விலா வலி இவனுக்கு. இந்த ஏற்பாடு மனிதனுக்கு அடுக்குமா என்றுதான் துண்டறிக்கையில் எழுதியிருந்தேன்.

அகீல் வெர்ஹெல்ஸ்ட் ஒன்றுக்கு நான்காக வாங்கிக்கொண்டான். செஞ்சேவல் என்ற சிக்கரித்தூள் நிறுவனம் நடத்தும் அணியின் ஏவலாள் அவன், இருபத்தேழு வயது.

"படிச்சுப் பாருடா அகீலு" என்றேன்.

"படிக்கவா? நெஞ்சுல சொருகத்தாண்ணே!" சட்டையைத் தூக்கித் தாள்களை மார்பில் பரப்பினான். "போன தடவ குடுத்தது மெலிசு. குளிரு அப்படியே உள்ள வந்திருச்சு. அடுத்த தடவ நல்ல தடிச்ச தாளா அடிங்க. புரட்சி கதகதப்பா இருக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். என் சொற்கள் அவர்கள் நெஞ்சின் மேல் இருந்தன, நெஞ்சுக்குள் போகவில்லை.

அப்போது அணியின் மேலாளர் தியோஃபீல் காரிலிருந்து தலையை நீட்டினார். "அகீலு, வருஷம் பொறந்து ரெண்டு பந்தயம் ஓட்டின. ரெண்டுலயும் பாதியில எறங்கிட்ட."

"ஒண்ணுல நம்ம தலைவன் வலேருக்குச் சக்கரத்தக் குடுத்தேன். இன்னொண்ணுல சைக்கிளையே குடுத்தேன். அப்புறம் நடந்தா வர்றது?"

"அது எனக்குத் தெரியும். முதலாளிக்குத் தெரியுமா? அவரு முடிச்சவங்க பட்டியலத்தான் பாப்பாரு. இன்னைக்கு நேரத்துக்குள்ள முடிவுக் கோட்டத் தொடு. கோடை முழுக்க நீ எங்க ஆளு. தொடலையா, திங்கக்கிழம ஆளி ஆலைக்குக் கெளம்பிடு. அங்கயும் ஆள் தேடுறாங்களாம்."

அகீல் மார்பிலிருந்த தாள்களை இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டான். லெய் ஆற்றங்கரையில் ஆளிச்செடியை உடைத்து நார் எடுக்கும் ஆலைகளை அறிந்தவர்களுக்கு அந்த மிரட்டல் விளங்கும். அங்கே காற்றே தூசி. அகீலின் தந்தை அந்தத் தூசியை முப்பதாண்டு விழுங்கி, நாற்பத்தாறாம் வயதில் நுரையீரலைத் துண்டு துண்டாக இருமித் துப்பிவிட்டுப் போனார். பதினான்கு வயதில் உள்ளே போன அகீலும் இருமத் தொடங்கியிருந்தான். இன்னும் இரண்டு குளிர்காலம் அங்கே நின்றால் அப்பன் வழிதான் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சைக்கிள்தான் அவனை வெளியே கொண்டுவந்தது. மற்றவர்கள் புகழுக்கு ஓட்டினார்கள். அவன் மூச்சுக்கு ஓட்டினான்.

நேரத்துக்குள் என்றால், வென்றவன் கோட்டைத் தொட்ட இருபத்தைந்தாம் நிமிடத்துக்குள். அதற்கு மேல் ஒரு நொடி ஆனாலும் வராதவன் கணக்குதான்.

எண்பது பேர் புறப்பட்டார்கள். நூற்றைம்பதாவது கிலோமீட்டருக்குள் பாதிப்பேர் தாமாகவே வீடு திரும்பிவிட்டார்கள். என் வண்டியில் நால்வர் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தார்கள். மோடெஸ்ட் என்ற ஒருவனுக்கு மட்டும் வாய் உறையவில்லை.

"அண்ணே, இந்த வண்டியில முன்னாடி ரொட்டிதான வெச்சிருந்தீங்க? அடுப்பையும் அப்படியே விட்டிருக்கக் கூடாதா?"

கடைசி மேட்டைத் தாண்டியபோது முன்னே ஒரே ஓர் உருவம் தெரிந்தது. குறுக்குக் காற்றில் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, சாலை ஓரத்துச் சேற்றில் சக்கரம் வழுக்க, கற்கள் பாவிய தடத்தில் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று. அகீல். மழைக்கோட்டு இல்லை. கையுறை இல்லை. நனைந்த கம்பளிச் சட்டைக்குள் தோள் எலும்புகள் இரண்டும் தெரிந்தன. வண்டியை அவன் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணாடியை இறக்கினேன்.

"கோட்டு எங்கடா?"

"வலேர்கிட்ட." உதடுகள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன. "ஆலங்கட்டி விழுந்தப்ப அவன் கோட்டு கிழிஞ்சிருச்சு."

"கையுறை?"

"அதுவும்தான். ஸுல்மா மலையடியில நின்னு குடுத்தா. புதுசு. ராத்திரியெல்லாம் உக்காந்து பின்னியிருக்கா. போட்டுப் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. மேல போனா, முன்னாடி வலேரு பிரேக் புடிக்க முடியாம அழுதுட்டே போறான்னாங்க. என்ன பண்றது?"

அவன் மனைவி அந்தக் கையுறையை எவன் விரல்களை எண்ணிப் பின்னினாள்? எவன் விரல்கள் அதற்குள் சூடேறின? அதைக் கொடுக்கத் தலைவனை எட்டிப்பிடித்த அந்த ஆறு கிலோமீட்டரில்தான் அகீலின் கால்களில் மிச்சமிருந்த நெருப்பு அணைந்தது. பக்கத்து இருக்கையில் கிடந்த என் கோட்டை எடுத்து நீட்டினேன்.

"என் கோட்ட வாங்கிப் போடுடா."

"வேணாம்ணே. உங்க வண்டியிலேர்ந்து ஒரு நூல் வாங்கினாலும் நான் ஏறினதாத்தான் அர்த்தம். சட்டம் உங்களுக்குத் தெரியாதா?"

"ஏறித்தான் தொலையேன்!"

அவன் என்னைப் பார்த்தான். இமைகளில் பனி ஒட்டியிருந்தது. "ஏறிட்டு? ஆலைக்கா?"

நான் கண்ணாடியை ஏற்றினேன்.

தகவல் பலகை ஏந்திய மோட்டார் சைக்கிள்காரர் எங்களைக் கடந்தபோது பலகையைத் திருப்பிக் காட்டினார். முன்னணிக்கும் அகீலுக்கும் இடைவெளி பதினைந்து நிமிடம். இன்னும் இருபது கிலோமீட்டர். மேலும் ஐந்து நிமிடம் இழந்தாலும் ஐந்து நிமிடம் கையிருப்பு. அவன் தேறிவிடுவான், குளிர் அவனை வீழ்த்தாவிட்டால். வீழ்த்தும் போலத்தான் இருந்தது: கைப்பிடியில் விரல்களை வைக்க முடியாமல் மணிக்கட்டுகளை ஊன்றி ஓட்டினான், இரண்டு முறை சைக்கிள் தானாகவே பள்ளத்தை நோக்கித் திரும்பிற்று.

இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கால்வாய்த் தூக்குப்பாலம். பாலத்தைத் தாண்டியதும் மூன்றாவது வீடு அகீலுடையது. ஸுல்மா மலையடியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் திரும்பியிருப்பாள். வாசலில் கணவனுக்காகக் காத்திருப்பாள். ஆனால் அவன் கோட்டோடும் கையுறையோடும் வருவான் என்றல்லவா நினைத்திருப்பாள்? வெறுங்கையோடல்லவா நிற்பாள்? மனைவி சாலையோரத்தில் நின்று கொடுத்தால் அதைச் சட்டம் தடுக்காது. யாராவது முன்னால் போய்ச் சொன்னால் போதும். அடுப்பில் காய்ந்த கோட்டும் கோப்பை நிறையச் சூடான சூப்பும் அவனுக்காகக் காத்திருக்கும். அவன் அதைத் தாண்டியதும் நான் மீண்டும் அவன் பின்னால் சேர்ந்துகொள்ளலாம்.

நான் வேகத்தைக் கூட்டி அகீலைக் கடந்தேன்.

"என்னண்ணே, பின்னாடி ஒருத்தன் இருக்கான்ல?" என்றான் மோடெஸ்ட் கம்பளிக்குள்ளிருந்து.

"பத்து நிமிஷந்தான். கோட்டு எடுத்து வைக்கச் சொல்லப் போறேன்."

"நல்ல காரியம். எனக்கும் ஒரு வாய் சூப்பு கேளுங்க."

பாலத்தில் ஏறும்போது பாலக்காவலர் பெனோனி தம் கூண்டிலிருந்து கை அசைத்தார். நானும் அசைத்தேன். கால்வாயில் மூன்று சரக்குப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டப்பட்டு, பந்தயம் முடியட்டும் என்று காலையிலிருந்து காத்திருந்ததை என் கண்கள் பார்த்தன. கண்கள் பார்த்ததை மூளை வாங்கவில்லை. நான் மனிதனை நினைத்தேன். என் தலைக்கு மேல் கட்டியிருந்த துடைப்பத்தை மறந்தேன்.

ஸுல்மா கதவைத் திறந்ததும் என்னைப் பார்த்து முகம் வெளிறினாள். "ஏறிட்டாரா?"

"இல்லம்மா, ஓட்டுறான். கோட்டு இல்ல. கையுறையும் இல்ல. சீக்கிரம் எதையாவது எடு."

"கையுறை நாந்தான் குடுத்தேனே? கைல மாட்டிவிட்டேனே!"

"வலேருக்குக் குடுத்துட்டான்."

அவள் ஒரு கணம் நின்றாள். "அந்த மனுஷன..." என்று தொடங்கியவள் முடிக்காமல் உள்ளே ஓடினாள். அகீலின் பழைய ஆலைக் கோட்டை அடுப்பின் மேல் விரித்துப் பிடித்தாள். சூப்பை ஒரு தகரக் குவளையில் ஊற்றினாள். "நேரம் இருக்காண்ணே? உண்மையச் சொல்லுங்க."

"இருக்கு. நிறையவே இருக்கு."

அப்போதுதான் மணி ஒலித்தது. பாலம் தூக்குவதற்கான மணி.

நான் ஓடினேன். என் பின்னால் ஸுல்மா கோட்டோடு ஓடிவந்தாள். நாங்கள் கரையை அடைந்தபோது பாலத்தின் பலகை எங்கள் கண்முன்னே சுவராக எழுந்து நின்றது. பெனோனி சக்கரத்தைச் சுற்றிப் பூட்டிக்கொண்டிருந்தார். முதல் படகு நகரத் தொடங்கிவிட்டது.

"எறக்குங்க! எறக்குங்கய்யா! இன்னும் ஒரு ஆள் வரணும்!"

"என்ன யெரூம், குடிச்சிருக்கியா?" பெனோனிக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. "நீதானய்யா தொடப்பத்தக் கட்டிக்கிட்டுப் போன? நீ போனப்புறம் எவன் வருவான்?"

"ஒருத்தன விட்டுட்டு வந்துட்டேன்!"

அவர் முகம் மெல்ல மாறிற்று. "ஐயையோ" என்றார். "மூணு படகும் ஒரே கயித்துல வருதே. மூணுலயும் சரளக்கல்லு. இப்ப நிறுத்தினா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிடும்."

எதிர்க்கரையில் அகீல் வந்து நின்றான்.

இடையில் இருபது மீட்டர் தண்ணீர். அவன் பாலத்தைப் பார்த்தான். பிறகு எங்களைப் பார்த்தான். கைகளை அக்குளில் செருகிக்கொண்டு தரையை உதைத்தான். படகுக்காரன் ஒருவன் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன தம்பி, பந்தயம் முடிஞ்சு பலகாரமே தின்னு முடிச்சிருப்பாங்க! நீஞ்சி வர்றியா?"

ஸுல்மா கோட்டை இரு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு கரையின் ஓரத்தில் நின்றாள். அவன் அப்போதே வந்து கையை நுழைக்கப் போகிறான் என்பது போல அதை விரித்தே பிடித்திருந்தாள். பனி அதன் உட்பக்கத்தில் விழுந்து, அடுப்பின் சூட்டில் உருகி, பிறகு உருகாமல் தங்கத் தொடங்கியது. இரண்டாவது படகு சென்றது. அகீல் மீண்டும் சைக்கிளில் ஏறினான். உடம்பு விறைத்துவிடாமலிருக்க, அந்தக் கரையின் குறுகிய சதுரத்துக்குள் வட்டமாகச் சுற்றத் தொடங்கினான். சுற்றினான், சுற்றினான். இருநூறு கிலோமீட்டரில் ஒருவன் பாக்கி வைத்திருந்த வலுவை ஒரு மாட்டுக்கொட்டகை அளவு இடத்தில் செலவழித்தான். அதை நின்று பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. எத்தனை மேடைகளில் முழங்கினேன்! எத்தனை ஆலை வாயில்களை அசைத்தேன்! ஓர் ஆள் கைப்பிடி சுற்றி ஏற்றிய மரப்பலகையை இறக்க என்னிடம் ஒரு சொல் இல்லை.

பலகை மீண்டும் தரையைத் தொட்டபோது ஒன்பது நிமிடம் போயிருந்தது.

அகீல் பாலத்தைக் கடந்து வந்தான். ஸுல்மா அவனுக்குக் கோட்டை மாட்டினாள். குவளையை வாயில் வைத்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி தாடையில் வழிந்தது. அவன் விரல்கள் மடங்கவில்லை. அவள் ஒவ்வொரு விரலாகப் பிடித்துக் கைப்பிடியைச் சுற்றி மடித்துவைத்தாள்.

"போயிருவேனா ஸுல்மா?"

"போங்க. பேசாம போங்க. நான் பஸ்ல வந்துர்றேன்."

அவள் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவன் போனான். நான் ஒழுங்காக அவன் பின்னால் போனேன், ஒன்பது ஆண்டுகளாகப் போனது போல.

அந்தப் பதினெட்டுக் கிலோமீட்டரைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. பத்துக் கிலோமீட்டர் வரை பனி பெய்தது. அதற்குள் பாதையைக் காத்தவர்கள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள். சந்திகளில் அவனே பிரேக் பிடித்து, பால் வண்டிகளுக்கும் கோயிலிலிருந்து திரும்பும் குடும்பங்களுக்கும் வழிவிட்டுப் போனான். ஒரு கிழவர் தொப்பியை எடுத்து வணங்கினார். பிறகு, வானம் யாரோ திரையை இழுத்தது போலத் திறந்தது. வெயில். நல்ல, முழு, வெட்கமற்ற வெயில். ஓடுகளிலிருந்து ஆவி எழுந்தது. நாங்கள் சதுக்கத்துக்குள் நுழைந்தபோது ஆண்கள் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல்களில் பீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவர் இன்னும் முடிவுக் கோட்டின் அருகே நின்றார். அகீலைக் கண்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். இருபத்தேழு நிமிடம்.

நான் அவரிடம் ஓடினேன். "ஐயா, இவன் ஒன்பது நிமிஷம் பாலத்துல நின்னான். அதக் கழிச்சிருங்க."

அவர் கடுமையானவர் அல்லர். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். "பாலத்த ஏன் தூக்குனாங்க, யெரூம்?"

"துடைப்ப வண்டி போயிடுச்சுன்னு தூக்கினாங்க."

"துடைப்ப வண்டிய ஓட்டினது யாரு?"

"நாந்தான். தண்டிக்கிறதுன்னா என்னத் தண்டிங்க. அவன் என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. ஆனா எங்கிட்ட இருக்கிறது கடிகாரம். அதுக்குப் பாலமும் தெரியாது, நீயும் தெரியாது. இன்னைக்கு நான் ஒன்பது நிமிஷம் கழிச்சா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு பாலத்தக் கொண்டாருவான்."

மேலாளர் தியோஃபீலைத் தேடிப் போனேன். வலேர்தான் வென்றிருந்தான். மதுக்கடைக்குள் அவனைத் தோளில் தூக்கிப் பாடிக்கொண்டிருந்தார்கள். தியோஃபீல் என் பேச்சை வாசலிலேயே கேட்டார். கேட்கக் கேட்க அவர் கையிலிருந்த கோப்பை தாழ்ந்தது.

"நான் என்ன கல்லா, யெரூம்? அவன் இல்லேன்னா இன்னைக்கு வலேர் இல்ல. எனக்குத் தெரியும். வலேருக்கும் தெரியும். ஆனா அவன் பேரே இல்லாத பட்டியல முதலாளி முன்னாடி எப்படி நீட்டுறது? அடுத்த வருஷம் பாக்கலாம்னு சொல்லு."

அடுத்த வருஷம்! தூசிக்கு நாட்காட்டி தெரியுமா?

அகீல் நகராட்சிக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்திருந்தான். வெயில் அவன் மேல் முழுவதும் விழுந்தது. அவன் நடுங்கிக்கொண்டுதான் இருந்தான். யாரோ அவன் மடியில் ஒரு கோப்பை காப்பியை வைத்திருந்தார்கள். அவனால் அதைத் தூக்க முடியவில்லை. நான் எடுத்து அவன் வாயில் வைத்தேன்.

"ஜெயிச்சது யாருண்ணே?"

"வலேர்."

"அப்படியா!" அவன் முகம் மலர்ந்தது. சத்தியமாக மலர்ந்தது. "கடைசி மேட்டுல அவன் ஆடின ஆட்டத்துக்கு, முடிப்பான்னே நான் நெனக்கல."

எனக்கு அவனை அறையவும் தோன்றியது. அவன் காலில் விழவும் தோன்றியது. நான் தியோஃபீல் சொன்னதைச் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் தலையாட்டினான். காப்பியை இன்னொரு மிடறு கேட்டான்.

"அகீலு, பாலம்... அது நான்..."

"அந்தக் கரையில நின்னப்பவே தெரிஞ்சிருச்சுண்ணே. ஏன் முன்னாடி போனீங்கன்னுதான் ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்புறம் அவ கோட்ட விரிச்சுக்கிட்டு நின்னாளா, அதுலேர்ந்து புரிஞ்சுது." இருமினான். "கோட்டு இல்லாமலும் வந்திருப்பேண்ணே."

அதில் கோபம் இல்லை. ஒரு தொழிலாளி தன் வேலையின் அளவைச் சொல்லும் குரல்தான் அது. நான் அவன் நோவைப் பார்த்தேன், அவன் வலுவைப் பார்க்கவில்லை. பரிந்து பேசியே பழகியவன் நான், நம்பி விட்டுவைக்கத் தெரியாதவன்.

"அண்ணே, ஒரு உதவி" என்றான். "ஸுல்மா பஸ்ல வருவா. நீங்களே சொல்லிடுங்க. எனக்கு வாய் குளிருது."

பேருந்து நிறுத்தம் சதுக்கத்தின் மறுமுனையில். அங்கே போய் நின்றேன். மேற்கே மீண்டும் கருத்துக்கொண்டு வந்தது; ஆனால் நகரத்தின் மேல் வெயில் விலகவில்லை. பேருந்து வந்தது. ஸுல்மா இறங்கினாள். தலைக்குட்டையை மாற்றிக் கட்டியிருந்தாள். கையில் ஒரு கூடை. துணிக்குள் உலர்ந்த காலுறைகள், ரொட்டி, ஒரு பாட்டில் பீர். வெயிலைப் பார்த்து முதலில் வியந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வந்து சேர்ந்துட்டாரா அண்ணே? வழியில எங்கயும் விழலியே?"

"விழலம்மா. கடைசி வரைக்கும் ஓட்டினான்."

"முடிவுக் கோட்டையும் தொட்டுட்டாரா?"

"தொட்டுட்டான்."

அவள் கூடையைத் தரையில் வைத்துவிட்டு, நடுத்தெருவில், எல்லோர் முன்னிலையிலும் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நல்லா இருப்பீங்கண்ணே" என்றாள். அவள் கைகள் சூடாக இருந்தன. நான் அவற்றைப் பிடித்தபடியே, அடுத்துச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாய் திறந்தேன்.